எண்ணூறு வருஷத்துப் பழக்கம்

நில்லுங்க தம்பி. பூட்ஸை அந்த வாசல் மண்டபத்துலயே கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்க. நீயுந்தாம்மா. யோசிக்காதீங்க, களவு போகாது. ஒரே ஒரு தடவ போச்சு, அதைச் சொல்லுதேன்.

நீங்க தமிழ் ஆளுங்கன்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்கியளா? வெளியே கல்லறைப் பக்கம் நின்னு, "குடையைக் கார்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா, உங்கள நம்பி வந்தேன் பாருங்க"ன்னு இந்தப் பிள்ள சத்தம் போட்டால்லா? இங்கிலாந்துல புருஷனை இப்படிக் கேக்கது நம்ம ஆளுங்க மட்டுந்தான். எனக்கு ஓடி வந்து கட்டிப்பிடிக்கணும்போல இருந்துச்சு.

உக்காருங்க. என் பேரு மேபல் தங்கபாய். நம்ம தெக்கத்தி நாசரேத்துப் பக்கம். நர்ஸ் வேலைக்கு வந்து முப்பத்தாறு வருஷம் ஆச்சு. இந்த மக்கிள்பரி சர்ச்சுக்கு, நம்ம பேச்சுல கோயிலுக்கு, வரலாறு சொல்லுதது இப்ப என் பொறுப்பு. பிஷப்பே கையெழுத்துப் போட்டுக் குடுத்த பதவி. செவ்வாயும் வியாழனும், மத்தியானம் ரெண்டுலேருந்து நாலு. அந்நேரம் இங்க ஈ காக்கா வராது. ஆனாலும் பதவி பதவிதானே.

இந்தப் பலகையைப் பாருங்க. ஆயிரத்து இருநூத்து முப்பத்தொண்ணுலேருந்து இந்தக் கோயில்ல இருந்த ஐயர்மாரு பேரு அம்புட்டும் இதுல இருக்கு. பாதிரியாரை இங்க வைகர்னு சொல்லுவாவ, நம்ம நாசரேத்துல ஐயர். எல்லாரு கதையும் எனக்கு மனப்பாடம். இந்தா, பார்தலோமியூ. முட்டி வலின்னு குதிரையை விட்டு எறங்கவே மாட்டாரு. குதிரையை அந்த ஜன்னல் ஓரமாக் கொண்டு நிறுத்தி, வெளியேருந்தே பிரசங்கம் பண்ணுவாரு. குதிரை நகந்துட்டுன்னா பிரசங்கம் முடிஞ்சிட்டுன்னு அர்த்தம். முப்பது வருஷம் இருந்தாரு. இவரு எட்வின் கிரிம்வேட், பிரசங்க மேடைக்கு அடியில தேனீ வளத்தவரு. ஒரு ஈஸ்டர் அன்னைக்கு மேடையைக் கையால ஓங்கிக் குத்திப் பேசிட்டாரு. சபை மொத்தமும் ஓடிப்போயி ஆத்துல விழுந்துச்சு. அவரு நாப்பத்திரெண்டு வருஷம். இந்தா, இவரு ஜோஷுவா. மாட்டைக் கண்டா பயம். இந்த ஊர்ல மனுஷனை விட மாடு அதிகம். பாவம், முப்பத்தெட்டு வருஷமும் வேலியோரமாவே நடந்து காலத்தைத் தள்ளியிருக்காரு.

நல்லாப் பாத்துக்கிட்டியளா? எல்லாம் முப்பது, நாப்பதுன்னு ஓடுது. இப்ப கீழ வாங்க. இந்த எடத்துலதான் நான் கோயில் வார்டன் ஆனேன். சபை நிர்வாகம் பூரா நம்ம கையில. அதுக்குக் கீழ பாருங்க. ஒண்ணரை வருஷம். ஒரு வருஷம். பதினோரு மாசம். ஏழு மாசம். பேரு எழுத வார பெயிண்டரே, "மேடம், பலகையில எடம் முடியப் போவுது"ன்னுட்டான்.

என்ன காரணம்னு நெனைக்கிய? குளிரு தம்பி. வேற என்ன இருக்கு? அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஒடம்புல தெம்பு இருந்துச்சு. இப்ப உள்ளவங்களுக்கு அது இல்ல.

நான் ஒரு குறையும் வைக்கலயே. முதல் ஆளு மாமிசமே தொடமாட்டாரு. ஆளைப் பாத்தா ஈர்க்குச்சி. மனசு கேக்குமா? தெனமும் காலம்பற ஆறரைக்கு இட்லியும் ஈரல் குழம்பும் எடுத்துட்டுப் போயி அவரு வீட்டுக் கதவைத் தட்டுவேன். தெறக்கவே அரைமணி நேரம் ஆக்குவாரு. ரெண்டாவது ஆளை வீடு சந்திக்கக் கூட்டிட்டுப் போனேன். ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணலன்னா அது என்ன சபை? ஒரே நாள்ல பத்தொம்பது வீடு, பத்தொம்பது டீ. பாதி வீட்டுல எங்களக் கண்டதும் திரையை இழுத்து விட்டுட்டாவ. நான் விடுவனா, பின்வாசல் வழியாப் போயி நின்னேன். மூணாவது ஆளு பிரசங்கம் எட்டே நிமிஷம். முன்வரிசையில உக்காந்து, இன்னும் பேசுங்கன்னு கையை ஆட்டிக்கிட்டே இருப்பேன். நாலாவது ஆளுக்குக் கல்யாணம் ஆகல. ஊர்லேருந்து மூணு பிள்ளைய போட்டோ வரவழைச்சு, ஆராதனை நேரத்துல அவரு பைபிளுக்குள்ளயே வச்சேன். ஏழே மாசத்துல ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு தீவுக்கு மாத்தல் வாங்கிட்டாரு. அங்க ஆடுதான் இருக்காம், சனமே இல்லியாம். அங்க குளிரு இன்னும் மோசம். என்ன புத்தியோ.

அஞ்சாவதா வந்தவதான் ஹிலரி. பொம்பள ஐயர். நம்ம ஊர்ல ஐயரம்மான்னா ஐயரு பொண்டாட்டி; இங்க அம்மாவே ஐயர். தங்கமான பிள்ள. எதைச் சொன்னாலும், "ரொம்ப இன்ட்ரஸ்டிங்கா இருக்கு மேபல்"னு சொல்லும். வேண்டாம்னு ஒரு வார்த்த அது வாயிலேருந்து வந்ததே கெடையாது. எனக்கு அதைப் புடிச்சிட்டு.

அவ வந்த கையோட பிஷப்புகிட்டேருந்து லெட்டர். அஞ்சு ஐயர் பாத்தாச்சு, கூட்டமும் குறைஞ்சிக்கிட்டே போவுது, வார மார்ச் மாசம் நானே நேர்ல வந்து பாப்பேன், ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு ஆள் இல்லன்னா கோயிலைப் பூட்டி வித்துருவோம்னு எழுதியிருந்தாரு. இங்க அப்படித்தான் தம்பி. பக்கத்து ஊர்க் கோயிலை ஃபிளாட் ஆக்கிட்டான். பீடம் இருந்த எடத்துல ஒருத்தன் வாஷிங்மெஷின் வச்சிருக்கான்.

லெட்டரை வாசிச்சதும் நேரா கல்லறைப் பக்கம்தான் ஓடுனேன். ஏன்னு கேளுங்க. நீங்க வெளியே நின்னியள்லா, அந்த மரத்துக்குப் பக்கத்துல கறுப்புக் கல்லு, அதுல தமிழ்ல ஞானசிகாமணின்னு எழுதியிருக்கும். அவரு என் வீட்டுக்காரர். ஒன்பது வருஷம் ஆச்சு. கோயிலை வித்துட்டா அவரு தலைமாட்டுல எவனாவது காரைக் கொண்டு நிறுத்துவான். வாழ்ந்த காலத்துல ஒரு சத்தம் தாங்கமாட்டாரு. பேப்பர் படிக்கையில நான் கரண்டியைக் கீழ வச்சாக்கூட நிமிந்து பாப்பாரு. அவரை நெனைச்சு நெனைச்சு அழுதேன்.

அழுது என்ன செய்ய? நம்ம கோயில்ல என்ன குறைன்னு யோசிச்சேன். அப்பதான் தரை கண்ணுல பட்டுச்சு. எங்கப் பாத்தாலும் சகதி. வயக்காட்டு பூட்ஸோட வந்து பீடம் வரைக்கும் மிதிக்காவ. நாசரேத்துல இப்படிச் செருப்புக் காலோட நொழைஞ்சிருவாவளா? தோலை உரிச்சிர மாட்டாவ? ஹிலரிகிட்டப் போயி, பாதரட்சையைக் கழற்றுன்னு ஆண்டவரே மோசேகிட்டச் சொல்லியிருக்காருல்லா, நாமளும் கழட்டணும்னு சொன்னேன். "ரொம்ப, ரொம்ப இன்ட்ரஸ்டிங்"னா. ரெண்டு தடவ ரொம்ப. அன்னைக்கே வாசல் மண்டபத்துல போர்டு வச்சிட்டேன். காலணிகளைக் கழற்றவும்.

வெள்ளக்காரங்ககிட்ட ஒரு குணம் உண்டு பாத்துக்கிடுங்க. போர்டு போட்டிருந்தா மீறமாட்டாவ. யாரு வச்சா, எதுக்கு வச்சான்னு ஒருத்தர்கூடக் கேக்கல. முதல் ஞாயித்துக்கிழமை கர்னல் பின்ச் வந்தாரு. பட்டாளத்துலேருந்து ரிட்டயர் ஆனவரு, எம்பத்தோரு வயசு. போர்டை ரெண்டு தரம் படிச்சாரு. என்னையப் பாத்தாரு. உக்காந்து பூட்ஸைக் கழட்டுனாரு. சாக்ஸுல பெருவிரல் வெளியே நிக்கி. பின்னால வந்தவங்க, கர்னலே கழட்டிட்டாருன்னு கழட்டுனாவ.

அக்டோபர் மாசம் வரைக்கும் ஒண்ணுமில்ல. நவம்பர்ல தரை ஐஸ். கல்லுத் தரைல்லா? சனங்க பாட்டுப் பாடும்போது ஒத்தக் கால்ல நிக்க ஆரம்பிச்சாவ. ஹிலரி பிரசங்கம் பன்னெண்டு நிமிஷத்துலேருந்து நாலு நிமிஷத்துக்கு வந்துட்டு. டாரத்தி, வினிஃபிரெட்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, ஆளுக்கொரு சுடுதண்ணிப் பை கொண்டுவந்து காலுக்கடியில வச்சுக்கிடுவாவ. இருபத்தாறு பேரு வந்துக்கிட்டிருந்த கோயிலுக்கு ஜனவரியில பதினாலு பேரு. விசுவாசம் கொறைஞ்சு போச்சேன்னு நான் தனியா உபவாசம் இருந்து ஜெபிச்சேன்.

மார்ச் மாசம் வந்துட்டு. பிஷப் வார ஞாயிறு. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணி, வரலன்னா நான் நேர்ல வந்து கூட்டிட்டுப் போவேன்னு சொன்னேன். உடனே எல்லாரும் வாரோம்னுட்டாவ. பிரியந்தான் காரணம். இது போக, நம்ம ஊர் அசனம் போட்டுரணும்னு முடிவு பண்ணுனேன். கோயில் பண்டிகைக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வச்சு ஊரே கூடி உக்காந்து சாப்பிடுமே, அது. ரெண்டு கிடா கறி, பெரிய பானை ரெண்டு, கோயில் பின்னறையில கேஸ் அடுப்பு வச்சு விடியக்காலையிலேயே ஆக்கி எறக்கிட்டேன்.

இனிமேதான் விஷயம். இந்த வாசல் மண்டபம் இருக்கு பாருங்க, இதுல ஊர்க்காரங்க பழைய துணிமணி, பழைய செருப்பு எல்லாம் கொண்டுவந்து போடுவாவ. நாப்பது வருஷத்துப் பழக்கம். மாசம் ஒரு தடவ தர்ம ஸ்தாபனத்து வேன் வந்து அள்ளிட்டுப் போவும். பிஷப் வாரப்ப மண்டபத்துல குப்பை கெடந்தா நல்லாவா இருக்கும்? வேன் டிரைவருக்கு நானே போன் போட்டேன். "ஞாயித்துக்கிழமை காலம்பற எட்டு மணிக்கு வந்துருங்க. மண்டபத்துல என்ன கெடந்தாலும் சரி, பழசு புதுசு பாக்காம அள்ளிருங்க. ஒரு துரும்பு மிஞ்சப்பிடாது"ன்னு மூணு தடவ சொன்னேன். எட்டு மணின்னு தெளிவாத்தான் சொன்னேன். இதுல என் மேல ஏதாவது தப்பு இருக்கா? நீங்களே சொல்லுங்க.

எட்டு மணிக்கு வேனைக் காணல; இனி வராதுன்னு பழசையெல்லாம் மண்டப மூலையில ஒதுக்கிட்டேன். பத்து மணிக்கு ஆராதனை. பிஷப் வந்தாரு. நல்ல உயரம், ஊதா அங்கி. போர்டைப் படிச்சாரு. கறுப்பு பூட்ஸு, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, கழட்டி ஓரமா ஜோடி சேத்து வச்சாரு. எனக்குப் பெருமை தாங்கல. எண்ணிப் பாத்தேன், அவரோட சேத்து இருபத்தொரு பேரு. ஹிலரி முகம் மட்டும் வெளிறிப் போயிருந்துச்சு. குளிருதான்.

பத்தேகால் மணிக்கு வெளியே வேன் சத்தம் கேட்டுச்சு. மண்டபத்துல தடதடன்னு ஆள் நடமாட்டம். அடடே, லேட்டா யாரோ குடும்பத்தோட வந்திருக்காவ, கூட்டம் கூடுதுன்னு ஸ்தோத்திரம் பண்ணிட்டு பாட்டை இன்னும் சத்தமாப் பாடுனேன்.

ஆராதனை முடிஞ்சு கதவைத் தெறந்தா, மண்டபம் தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. ஒரு செருப்பு இல்ல. கர்னல் கைத்தடி இல்ல. ஹிலரி சைக்கிள் இல்ல. அந்த டிரைவர் என் போர்டை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான். வெளியே ராத்திரி பேஞ்ச பனி உருகி ஒரே சகதி. அதுல பக்கத்துப் பண்ணை மாடு வேற நடந்து போயிருக்கு. பிஷப் காரு கால் மைல் தள்ளி நிக்கி.

நம்ம ஊரா இருந்தா என்ன கூச்சல் நடந்திருக்கும்? இங்க இருபத்தொரு பேரும் அந்தக் காலி மண்டபத்தையே பாத்துக்கிட்டு நின்னாவ. கர்னல், "ஓ டியர்"னாரு. வினிஃபிரெட், "பரவாயில்ல, என்னுது பழசுதான்"னா. முந்துன நாள் வாங்குன பூட்ஸு அது, எனக்குத் தெரியும்.

டிரைவருக்குப் போன் போட்டா எடுக்கல. ஸ்தாபனத்து ஆபீஸ் ஞாயித்துக்கிழமை லீவு. கர்னல் எதுத்தாப்புல உள்ள பப்புக்குப் போன் போட்டு, யாராவது நாலு ஜோடி பூட்ஸு கொண்டு வாங்கன்னு கேட்டாரு. அதுவரைக்கும் என்ன செய்ய? தரை சில்லுன்னு இருக்கு. அப்ப எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. முழங்கால் போடுததுக்குக் குட்டி மெத்தை இருக்குல்லா, இந்தா, இதுதான். டாரத்தியும் வினிஃபிரெட்டும் முப்பது வருஷமா எம்பிராய்டரி போட்டது. ஆளுக்கு ரெண்டு எடுத்து, பாடகர் அங்கியில உள்ள நாடாவால காலோட வச்சுக் கட்டிவிட்டேன். பிஷப்புக்கு இடது கால்ல ஆட்டுக்குட்டி, வலது கால்ல நோவா பேழை. டாரத்தி அதைப் பாத்துட்டு எனக்குத் தெரிஞ்சு முதல் தடவையா வாய்விட்டுச் சிரிச்சா. அவ சிரிக்கவும் பிஷப்பும் சிரிச்சிட்டாரு.

இதுக்குள்ள பப்புல விஷயம் பரவிட்டு. பிஷப்பு வெறுங்காலோட கோயிலுக்குள்ள மாட்டிக்கிட்டாருன்னா யாரு பாக்காம இருப்பா? பப்பே காலியாகி வருது. கூடவே பெண்டு பிள்ளைகளும் வருதாவ. கல்யாணத்துக்கும் சாவுக்கும்கூட இந்தக் கோயில் வாசல் மிதியாதவங்க. கையில பூட்ஸு, ரப்பர் ஷூ, ஒருத்தன் பொண்டாட்டியோட பஞ்சு செருப்பு. மண்டபத்துல போர்டைப் பாத்தாவ. நின்னு படிச்சாவ. கொண்டுவந்த பூட்ஸைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, போட்டிருந்த பூட்ஸைக் கழட்டி வச்சிட்டு உள்ள வந்தாவ.

வந்தவங்க மூக்குக்குக் கறிக் குழம்பு வாசனை தட்டிட்டு. பெறவு போவாவளா? எல்லாரையும் வரிசையா உக்கார வச்சு, காகிதத் தட்டுல சோத்தைப் போட்டுக் குழம்பை ஊத்துனேன். மூக்குலேருந்து தண்ணி ஊத்துது, ஆனா ஒருத்தரும் எந்திரிக்கல. பிஷப் மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டாரு. பப்புக்காரன் அவரு பக்கத்துல உக்காந்து, தான் ஏன் கோயிலுக்கு வாரதில்லன்னு ஒரு மணி நேரம் விளக்கிச் சொன்னான். பிஷப் காலை மெத்தைக்குள்ள வச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. எழுந்து போவ வழி இல்லியே.

மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த டிரைவர் தானாவே திரும்பி வந்தான். சைக்கிள் நல்லா இருக்கேன்னு சந்தேகம் வந்துட்டாம் அவனுக்கு. காலம்பற அள்ளிட்டுப் போன செருப்பையெல்லாம் எறக்கி வச்சான். மண்டபத்துல பார்த்தா புதுசா நாப்பது ஜோடி கெடக்கு. "இதையும் எடுத்துக்கிடவா"ன்னு குனிஞ்சான். கர்னல் போட்டாரு பாருங்க ஒரு சத்தம்! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு.

பிஷப் போகும்போது கூட்டத்தை ஒரு பார்வை பாத்துட்டு ஹிலரிகிட்ட, "எல்லா ஞாயிறும் இப்படித்தானா?"ன்னு கேட்டாரு. ஐயர் பொய் சொல்லக் கூடாதுல்லா? "ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மாதிரி இன்ட்ரஸ்டிங்தான்"னா.

பத்து நாள்ல லெட்டர் வந்துட்டு. கோயிலைப் பூட்டல. அந்த லெட்டரைக் கொண்டுபோயி எங்க வீட்டுக்காரர் கல்லுக்கு முன்னால நின்னு வாசிச்சேன். சத்தமா இல்ல, மெதுவாத்தான்.

எனக்குத் தனியா இன்னொரு லெட்டர். இத்தனை காலம் உழைச்சு ஓஞ்சு போயிருப்பீங்க, வார்டன் பொறுப்பைக் கர்னல் பாத்துக்கிடட்டும், உங்க ஞானத்துக்கு ஏத்த பெரிய பதவி தாரோம்னு இந்த வரலாற்று வேலையைக் குடுத்தாவ. ஞாயித்துக்கிழமை ஓய்வு எடுத்துக்கிடலாம்னும் எழுதியிருந்தாவ. எவ்வளவு அக்கறை பாத்தியளா. நான் ஓய்வெல்லாம் எடுக்கல. வந்து பின்வரிசையில உக்காருவேன். ஒரு ஆச்சரியம் என்னன்னா, நான் பதவி மாறின நேரம் ஹிலரிக்கு உடம்பு தேறிட்டு. மூணு வருஷம் முடியப் போவுது, ஒரு தும்மல் இல்ல.

போர்டை எடுத்துரணும்னும் பிஷப் உத்தரவு. கர்னல் வந்து எடுத்துட்டாரு. மறு ஞாயிறு பாக்கேன், ஒவ்வொருத்தரா வந்து, போர்டு இருந்த எடத்தைப் பாத்துட்டு, உக்காந்து பூட்ஸைக் கழட்டுதாவ. பப்புக்காரங்களும் கழட்டுதாவ. யாரும் சொல்லல. பழகிப் போச்சு அவங்களுக்கு. தரைக்குக் கம்பளம் வாங்கிப் போட்டாவளே தவிர, கழட்டுதத விடல.

போன வருஷம் கர்னல் இந்தக் கோயில் வரலாற்றைப் புஸ்தகமாப் போட்டாரு. இந்தா, ஒண்ணு நீங்க எடுத்துக்கிடுங்க. பதினாலாம் பக்கம் வாசிங்க. "இக்கோயிலில் வெறுங்காலுடன் தொழும் அரிய வழக்கம், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இங்கு வாழ்ந்த துறவிகளின் காலம் முதல் இடையறாது பின்பற்றப்பட்டு வருகிறது."

எனக்கு எப்படி இருக்கும்? துறவியாவது ஒண்ணாவது. கத்திரிக்கோலும் அட்டையும் வாங்கி, என் கையால எழுதி, ஆணி அடிச்சது நான். கர்னல் வீட்டுக்கே போயிட்டேன், சண்டை போட. அவரு கதவைத் தெறந்தாரு. வீட்டுக்குள்ளயும் சாக்ஸோட நிக்காரு. ஒரு டீ போட்டுக் குடுத்துட்டு, "மேபல், துறவிகள் ஆரம்பிச்சதை எந்த பிஷப்பும் நிறுத்த முடியாது. நீ ஆரம்பிச்சதுன்னா அடுத்த வாரமே நிறுத்திருவான்"னாரு. அந்த மனுஷனை என்னமோன்னு நெனைச்சேன் தம்பி. சாக்ஸுல இன்னும் அந்த ஓட்டை இருந்துச்சு, பாவம்.

அதனால இப்ப வாரவங்ககிட்ட நானும் அப்படித்தான் சொல்லுதேன். எண்ணூறு வருஷம். நீங்க நம்ம ஊர் ஆளுங்களாப் போனதால உள்ளதைச் சொல்லிட்டேன், வெளியே சொல்லிக்கிடாதீங்க. சாப்பிட்டுட்டுப் போறியளா? பின்னறையில அடுப்புல கெடக்கு. அசனமும் அந்தத் துறவிமாரு போட்டதுதான். ஆட்டுக்கறி, தேங்கா அரைச்ச குழம்பு. புஸ்தகத்துல இன்னும் ஏறல. அடுத்த பதிப்புல போட்டுருதேன்னு கர்னல் சொல்லியிருக்காரு.